நீண்ட பிரசங்கத்துக்கு ஒரு ஷூ

மார்ச் 11, திங்கள்

மழை. மேட்டுத் தெருவில் கடைசித் தபாலைப் போட்டுவிட்டு வீடு திரும்ப ஒன்றரை மணி. பெருவிரல் நகம் மறுபடி கறுத்திருக்கிறது.

என்னோடு பாறை ஏறும் எம்லின் வாசலில் நின்றிருந்தான். மழை என்றால் அவனுக்குக் கூரை வேலை இல்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ஜூலைல 'நீண்ட பிரசங்கம்' போறோம். அதுக்குள்ள ஒழுங்கான ஷூ வாங்கு" என்றான்.

அது காக்கைப் பாறையில் கயிறு கட்டி ஏறுகிற வழி. ஒரு கயிற்று நீளம் ஒரு கட்டம் என்று ஒன்பது கட்டம், எட்டு மணி நேரம். அந்தப் பெயரை வைத்தவர் எந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்து நொந்துபோனாரோ. இரண்டு வருடம் முன்பு நாங்கள் ஐந்தாவது கட்டத்தில் திரும்பிவிட்டோம். அது பக்கவாட்டில் போகும் கட்டம். பின்னால் வருகிறவர் வழுக்கினாலும் கயிற்றில் ஊசலாடிப் பாறையில் மோத வேண்டியதுதான். எப்போதும் போல எம்லின்தான் முன்னால் போனான். இருபது அடி போனவன் திரும்பி வந்துவிட்டான். "இதுல உன் ஷூ நிக்காது எலேரி. உன்னக் கொண்டுபோய் தொங்க விட மாட்டேன்."

என் ஷூ மெத்தென்ற ரகம். அன்றைக்கு என் கெண்டைக்கால்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

மார்ச் 16, சனி

பாறை ஏறும் ஷூ விற்கும் மெனாவின் கடைக்குப் போனோம், பிற்பகலில். காலையில் வாங்கிய ஷூ மாலையில் கடிக்கும், கால் வீங்கியிருக்கும்போதுதான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பாள் மெனா. தபால்காரிக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

சுவரில் விரல் அகல மரச்சட்டம் ஒன்றை அடித்து வைத்திருக்கிறாள். முதலில் என் பழைய ஷூவோடு அதன்மேல் நிற்கச் சொன்னாள். அரை நிமிடத்தில் குதிகால் தொய்ந்தது. "பாத்தியா, உன் ஷூ செய்ய வேண்டிய வேலைய உன் கால் செய்யுது. ஒரு கட்டத்துக்குப் பரவால்ல. ஒன்பதுக்கு?"

பிறகு விறைப்பான அடியுள்ள இரண்டு ஜோடி. ஒன்று தாழ்வானது, விரல்கள் கொஞ்சம் மடங்கும். மற்றது கணுக்காலை மூடும் உயரம், விரல்கள் தட்டையாக நீண்டிருக்கும். தாழ்வானதில் நிற்கும்போது பாறையைக் கொஞ்சமாவது உணர முடிந்தது. உயரமானதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் நின்றும் கால் நடுங்கவில்லை. விரிசலில் காலைத் திருகிச் செருகினால் கணு எலும்பு தப்பும் என்றாள் மெனா. மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்து உயரமானதையே எடுத்தேன்.

எம்லினும் ஒரு ஜோடி வாங்கினான். எதைப் போட்டாலும் "சரியா இருக்கு" என்றான். அவன் அளவுக்கு ஒன்று குறைவானதை மெனா வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தாள். அதுவும் சரியாக இருந்ததாம்.

"என்னய்யா, உன் காலு ரப்பரா?" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

புது ஷூவோடு குவாரிக்குப் பின்னால் உள்ள சின்னப் பாறையில். காலில் பலகையைக் கட்டிக்கொண்டது போல. சாய்வான வழுவழுப்பில் இரண்டு முறை சறுக்கினேன். நாணயத் தடிமன் விளிம்பில் மட்டும் மேசைமேல் நிற்பது போல் நின்றேன்.

எம்லினும் சறுக்கினான், படிக்கட்டு போன்ற இடத்தில். "ஷூ புதுசு" என்றான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மழை. வீட்டுக்குள்ளேயே ஷூவைப் போட்டுக்கொண்டு துணி மடித்தேன். கொஞ்சம் இளகியிருக்கிறது.

மே 5, ஞாயிறு

நான்கு கட்ட வழி ஒன்று. நல்ல வெயில். மேலே போய் ஷூவைக் கழற்றினோம்.

எம்லினின் இடது காலுறை முன்பாதி முழுக்க ரத்தம். ஷூவைக் கவிழ்த்தேன். கொண்டைக்கடலை அளவு கல் ஒன்று விழுந்தது. காலையிலிருந்து உள்ளேயே இருந்திருக்கிறது.

"வலிக்கலயா?"

"சும்மா கீறல்."

"எம்லின், வலிக்கலயான்னு கேட்டேன்."

அவன் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "விரல் இருக்கிறதே தெரியல" என்றான். சர்க்கரை. டாக்டர் மாத்திரை கொடுத்தபோதே காலைப் பற்றிக் கேட்டாராம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டானாம்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கொஞ்சம் மேலயே."

இரண்டு வருடம். நான் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். அந்த ஐந்தாவது கட்டத்தில் விளிம்பின்மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் திரும்பி வந்தான். திரும்பி வந்து என் ஷூவைக் குற்றம் சொன்னான்.

காயத்தைக் கழுவிக் கட்டினேன்.

மே 6, திங்கள்

ரெண்டு வருஷம் என்னை நானே பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே — அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் "எலேரியோட ஷூ கதை" என்று எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறான். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் எரிகிறது.

அது இருக்கட்டும். காலில் உணர்ச்சி இல்லாத ஆள் என் கயிற்றின் மறுமுனையில் முன்னால் போயிருக்கிறான். விழுந்திருந்தால்? டெலித்திடம் நான்தானே போய்ச் சொல்ல வேண்டும், உன் புருஷன் போய்விட்டான் என்று?

மே 7, செவ்வாய்

தபால் போடும் வழியில் அவன் வேலை செய்யும் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். அங்கேயும் அதே கால்தான். ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டர்கிட்டயும் டெலித்கிட்டயும் நீ சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

"இது உன் வேலையில்ல எலேரி."

"பத்தொன்பது வருஷமா உன் கயிறு என் கையில இருந்திருக்கு. என் வேலைதான்."

அவன் பலகைக்கல்லை அடுக்கத் தொடங்கினான். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மே 10, வெள்ளி

எந்தச் சேதியும் இல்லை.

மே 11, சனி

டெலித் வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேற்று டாக்டரிடமும் அவளிடமும் அவன் சொல்லிவிட்டானாம். காயம் சீழ் வைத்திருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். "நீ மிரட்டினேன்னு அவரு கோவமா இருக்காரு" என்றவள், என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

இறுக்கமான ஷூ இனி அவனுக்குக் கிடையாது. கூரை வேலையும் கிடையாது.

ஜூன் 8, சனி

ஒரு மாதமாக எம்லினைப் பார்க்கவில்லை. கடை அடைத்த பிறகு மெனா என்னோடு ஏறுகிறாள். அவள் முன்னால் போக மாட்டாள். "விக்கிறதோட சரி, தைரியம் என்கிட்ட ஸ்டாக் இல்ல." அதனால் நான் போகிறேன். முதல் நாள் வாய் உலர்ந்துவிட்டது. பாறையை உணர முடியாத இந்த ஷூவில் காலைக் கண்ணால் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. வைத்துவிட்டால் அசைவதில்லை. இப்போதெல்லாம் ஒரு முறைதான் பார்க்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சாக்குப்பை. உள்ளே, முன்னால் போகிறவர் விரிசலில் செருகிக் கயிற்றை மாட்டும் எம்லினின் உலோகத் துண்டுகள் எல்லாம், அளவு வாரியாகக் கோத்து. சீட்டு எதுவும் இல்லை.

ஜூலை 13, சனி

போனோம். மெனாவும் நானும். ஒன்பது கட்டமும் நான்தான் முன்னால்.

ஐந்தாவதில் விளிம்பு தொடங்கும் இடத்தில் ஒரு துண்டைச் செருகிவிட்டு நின்றேன். இடப்பக்கமாக நாற்பது அடி போக வேண்டும், கீழே ஒன்றுமில்லை. கைக்குப் பிடி கிடையாது, உள்ளங்கையைப் பாறையில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கெண்டைக்கால் நடுங்கவில்லை. நடுப்பகுதியில் விளிம்பு நகக்கண் அளவுக்குக் குறுகியபோது பயந்தேன். நல்ல பயம். ஷூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயத்தோடேயே ஆறு தப்படி வைத்தேன். மறுமுனையில் கயிற்றைக் கட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மெனா வரும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம்.

இறங்கி வந்தால் ஏரிக்கரையில் எம்லின். இரண்டு அளவு பெரிய நடை பூட்ஸ், கையில் கோல். சாலையிலிருந்து அங்கே வர அவனுக்கு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். மெனா முகம் கழுவப் போவதாகச் சொல்லித் தண்ணீரருகே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். அவன் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சாவது எப்படி இருந்துச்சு?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

கோலால் மண்ணைக் கீறிக்கொண்டே, "அன்னிக்கு எனக்கும்தான்" என்றான்.