உள்ளே விட்ட துணி

நேற்று மாலை எங்கள் ஈசூன் பேட்டையில் நல்ல மழை. ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தார்ப்பாய் வாடை. ஜன்னலோரம் மாட்டியிருந்த, நீ தைத்த மேலங்கி நனைந்திருந்தது. நீ போன பிறகு சும்மா தொங்கிக்கொண்டிருந்த அங்கிதான். இந்த வாரம் அது என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

நகரத்தில் ஓர் ஆடைக் கண்காட்சி வருகிறது. அதை நடத்தும் இளைஞர் அங்கியைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "கண்ணாடிக்குள்ள வைப்போம் மேடம். பக்கத்துலயே அவங்க பேரு பெருசா வரும். ஆனா ஒரிஜினலா இருக்கணும். ஒரு தையலைப் பிரிச்சாலும் கமிட்டி எடுத்துக்காது."

உன் பெயர் சுவரில் பெரிதாக. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஜாலான் புசாரில் இரும்புக்கடைக்கு மேல் இருந்த உன் அறைக்கு நான் முதலில் வந்தது பத்திரிகைச் செய்திக்காக. உன் வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்த கடைக்காரர். உன் தாயார் தென்தீவுகளில் படகிலேயே வாழ்ந்த கடல்மக்களின் வழிவந்தவர். பழங்கால உடை ஏதாவது காட்டுவாய் என்று நினைத்திருந்தேன். நீயோ கீழ்க்கடையில் வாங்கிய நீலத் தார்ப்பாயைத் தரையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தாய். உன் தாயாரின் ஆட்கள் படகுக்கு ஓலையில் கூரை செய்வார்கள். வேண்டாதபோது மடித்து வைத்து, மழை வந்தால் விரிப்பார்கள். அதே மடிப்புகள் இந்த அங்கியின் முதுகில் இருந்தன.

"இது அவங்க போட்டதா?" என்றேன்.

"இல்லக்கா, இனிமே போடப் போறது. கடல் மட்டம் ஏறும்லா, திரும்பப் படகுதான். அப்ப எங்க ஆளுங்க மியூசியத்துல இருந்தா இறங்கி வருவாங்க?"

ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே நீ கையகலம் துணி விட்டாய். வீணாகிறதே என்றேன். "பொறக்காத ஆளுக்கு எப்படிக்கா அளவு எடுக்கிறது? உள்ள விட்டு வச்சா அவங்களே பிரிச்சுக்குவாங்க." பிறகு ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, என் இடுப்பைப் பார்த்துச் சொன்னாய்: "உங்களுக்கும் கொஞ்சம் விடணும் போல."

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது இந்த அங்கியை என்னிடம் கொடுத்தாய். "எம்மக வளரட்டும். வச்சிருங்க."

சனிக்கிழமை உன் மகள் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்தாள். இப்போது உன்னைவிட உயரம், தோளும் அகலம். தோழிகளோடு காயாக் துடுப்புப் படகில் உன் தாயார் பிறந்த தீவுப் பக்கம் போகிறாளாம். அங்கியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைகளைத் தூக்கினாள். பாதியிலேயே நின்றன.

"ஆன்ட்டி, டைட்டா இருக்கு. துடுப்பு போட முடியாதுலா."

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் அங்கியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "உம்மா பேரு வரும்னா குடுத்துருங்க. நான் ரெயின்கோட் போட்டுக்கிறேன்."

அவள் விட்டுக்கொடுத்ததுதான் என்னை அலைக்கழித்தது. நான் உயிரோடு இருக்கும்வரை உன் பெயரைச் சொல்வேன். அதற்குப் பிறகு அந்தச் சுவர்தானே சொல்லும்? இன்று காலை அங்கியைப் பையில் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் போகவும் வரவுமாக நடந்தேன். கடைசியில் தேக்கா சந்தை மாடியில் ஒரு தையற்கடை முன்னால் நின்றேன்.

"தோளைப் பெருசாக்கணும்."

தையற்காரர் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தார். "யாருக்கும்மா இது, யானைக்கா? இவ்வளவு துணி உள்ள கிடக்கு." பிறகு கத்தியை எடுத்தார். முதல் தையல் அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கண்காட்சி இளைஞருக்கு அங்கேயே நின்று செய்தி அனுப்பினேன்: அங்கி வராது.

செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. மழைவாடை கையில் ஒட்டியிருக்கிறது. மாலையில் உன் மகள் போட்டுப் பார்த்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. அவளுக்கு இரண்டு விரல் அகலம்தான் தேவைப்பட்டது. மீதித் துணியைத் தையற்காரர் வெட்டவில்லை. வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.