இரண்டு கோர், ஒரு குரல்

அக்காவுக்கு,

வணக்கம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் இல்லை, அதனால் அந்த வரியை எழுதவில்லை. போனில் என்னைப் பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய், அம்மா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பரீட்சையை விட்டு ஓடி வந்தவனைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். கையெழுத்தைத் திட்டு, பரவாயில்லை. கடைசிவரை படி.

அன்றைக்கு வீடியோவில் அப்பா உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்கவில்லை என்று பெரியம்மாவிடம் அழுதாயாம். "இனிமே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு சொன்னாயாம். பெரியம்மா அதற்குக் கண்ணு மூக்கு வைத்து எங்களிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா, அப்பா பேசினார். பிராசசர்தான் வாய் திறக்கவில்லை.

இவன் கதை விடுகிறான் என்று நினைக்காதே. அந்த லேப்டாப் உனக்குத் தெரியும். நான் காலேஜ் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது, கடையில் இருந்ததிலேயே மலிவு. நான் காலேஜை விட்டேன், அது என்னை விடவில்லை. உள்ளே மூளையாக இருக்கிற பிராசசரில் இரண்டே கோர், அதாவது வேலை பார்க்க இரண்டே ஆள். நல்ல பிராசசரில் ஒரு கோரே இரண்டு ஆள் வேலையை மாற்றி மாற்றிச் சமாளிக்கும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ். இரண்டரை வரை போகும் என்று பெட்டியில் போட்டிருந்தான். போகும், கொஞ்ச நேரத்துக்கு. ஃபேன் இல்லாத, ஆறு வாட்டில் ஓடுகிற சாமான். சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். பிராசசரை மட்டும் மாற்றலாம் என்றால் மதர்போர்டோடு பற்றவைத்துத் தொலைத்திருக்கிறான். நான் வேலை பார்க்கிற ரிப்பேர் கடைக்கு இந்த மாதிரி லேப்டாப் வந்தால், "ஒரு நேரத்துல ஒரு வேலை குடுங்க சார், பாவம்"னு சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பேன்.

வாடிக்கையாளருக்குச் சொன்னதை வீட்டில் மறந்துவிட்டேன்.

தொண்டையில் ஆபரேஷன், அதன்பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொன்னதும் அப்பாவின் குரலைப் பதிவு செய்தேன். மார்க்கெட்டில் ஏலம் கூவிய குரல். பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் வானிலைச் செய்தியைக்கூட ஏலம் விட்டார். அதிலிருந்து கடை முதலாளியின் பெரிய கம்ப்யூட்டரில் அப்பா குரலையே செய்து, இந்த லேப்டாப்பில் ஏற்றினேன். டைப் அடித்தால் அப்பாவாகப் பேசும். "தண்ணி குடு" என்பதே "தண்ணி ஒரு தரம், ரெண்டு தரம்" என்கிற தோரணையில் வரும். முதல் தடவை அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாதாரண மெஷின் குரலும் ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பிராசசர் தாராளம். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இந்தத் தகர டப்பா குரல்லயாடா என் பொண்ணுகிட்ட பேசச் சொல்ற?"ன்னு அடித்துக் காட்டிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குரலைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. வீடியோவைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்காமலே கடைக்குப் போய்விட்டேன்.

நீ கூப்பிட்டாய். உன்னையும் அப்பாவையும் தனியாக விட்டுவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள். வீடியோ இரண்டு கோரையும் பிடித்துக்கொண்டது. அப்பா அடித்த ஒவ்வொரு வரியும் உள்ளே வரிசையில் நின்றது. அவர் தலையைக் குனிந்திருந்தது கோபத்தில் இல்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தார். கீபோர்டு உன் பக்கம் எப்படித் தெரியும்? "நான் வரணுமா, வேணாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா"ன்னு நீ கத்தியது அடுப்படிவரை கேட்டதாம். அப்புறம் கட் பண்ணிவிட்டாய்.

வீடியோ நின்றதும் கோர் இரண்டும் விடுபட்டன. நான் அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். படியிலேயே கேட்டது, மார்க்கெட்டே கேட்கிற மாதிரி.

"சாப்பிட்டியா?"

"ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"வா."

"மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

மாப்பிள்ளை, அக்கா. உன் கல்யாணத்திலிருந்து "அந்த ஆளு"ன்னு மட்டுமே சொன்ன வாய். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் உள்ளே போனபோது அப்பா வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்பீக்கரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார். அது நிற்காமல் "வா, வா"ன்னு கூவிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை அடித்தாரோ.

அதற்கப்புறம் அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. இந்த வாரம் விரலெல்லாம் வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்க, கேக்கறதைக் குடுங்க"ன்னு சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கேட்பது ஒன்றுதான். அது என் கையில் இல்லை.

இரண்டு பேருக்கும் டிக்கெட் கிடைத்தால் கூப்பிடக்கூட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அம்மா போனில் வீடியோ போடு. லேப்டாப்பில் குரலைத் தவிர எல்லாவற்றையும் அழித்து, சார்ஜில் போட்டு, கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ கேட்டதும் பதில் வராது. அவர் விரல் எழுத்தைத் தேட வேண்டும், அதற்கப்புறம் இந்தச் சனியன் யோசிக்க வேண்டும். அதுவரை நீயும் மாமாவும் சும்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

கட் மட்டும் பண்ணிவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
நீ வைத்த பேரை இன்னும் காப்பாற்றிவரும்
அறுந்த வாலு