நான்காவது மனு

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் எம்.பி. இன்று காலை பாராளுமன்றத்தில் பொதுமனுக்களைச் சமர்ப்பித்தார். மூன்று மனுக்களை நான்தான் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியிருந்தேன். நான் வேலை செய்யும் அவருடைய துறைமுகத்தடி அலுவலகத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெருகல், தோப்பூர், மூதூர் என்று ஊர் ஊராக மூன்றையும் சொன்னவர், நான்காவதாக ஒன்றை எடுத்தார்.

"பாலையூற்று, பிலிப் அந்தோனி என்பவரின் மனு."

அது என் அண்ணனின் பெயர். யுத்த காலத்தில் வேலைக்குப் போன அண்ணன் இன்றுவரை திரும்பவில்லை.

மத்தியானம் எம்.பி.யை அழைத்தேன்.

"சேர், அந்த நாலாவது மனு ஆர் தந்தது?"

"நீங்கள் அனுப்பின கட்டுக்குள்ளதானே இருந்தது, பிள்ளை."

"நான் மூண்டுதான் வைச்சனான். அதில என்ன எழுதியிருக்கு?"

பிரதியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "காணாமல்போன தங்கச்சியைத் தேடித் தரட்டாம். பெயர் ரோசலின்." பெயரைத் திரும்ப வாசித்து, "உங்கட பெயரெல்லோ? விலாசமும் உங்கட வீடுதான்" என்றார்.

"ஓம் சேர். அதைத் திருப்பி எடுக்க ஏலாதா?"

"மனுக்கள் குழுவுக்குப் போயிட்டுது. இனி ஏலாது."

மனுதாரருக்கு அன்றே கடிதம் போடுவது என் வேலை. உங்கள் மனு குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வழக்கம்போல எழுதிக் கையொப்பம் வைத்தேன். அதோடு நிறுத்த முடியவில்லை. 'அண்ணா, நான் வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் எங்கே?' என்று கீழே எழுதினேன். எங்கள் வீட்டு விலாசமிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

நாளை மறுநாள் தபால்காரர் இங்கே கொண்டுவருவார். அந்த நேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.