அவள் கைகளில் கை வைத்தவர்

மார்ச் 2, ஞாயிறு
ஓவிய வகுப்பில் எனக்கு வாய்த்த படம்: நாற்காலியில் ஒரு பெண். பச்சை ஓடிய முகம், ஒட்டகத்துக்கு வேண்டிய கழுத்து, மடியில் முறுக்கிக்கொண்ட கைகள். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்ததாம். "இந்தப் பாணியில உருவம் கோணும், உணர்ச்சி கோணாது" என்றார் மாஸ்டர். இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் போட்டு, முகம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் லட்சணமான முகங்கள். எனக்கு மட்டும் இது ஏன்?

மார்ச் 9, ஞாயிறு
கழுத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். பல் டாக்டருக்காகக் காத்திருக்கிறவள் போல ஆகிவிட்டாள். ஈரத்தோடு துணியால் துடைத்துவிட்டு, அசலில் இருந்தபடியே நீட்டினேன். நிமிர்ந்தாள். யாருக்கோ பதில் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்! இது ஏன் முதலில் தெரியவில்லை?

மார்ச் 12, புதன்
ஆஸ்பத்திரி வேலையில் மனசே சரியில்லை. என்னிடம் எக்ஸ்ரே எடுக்க ஒரு பெண் வந்தாள், சுண்டுவிரல் உடைந்து. எப்படி என்று கேட்டேன். "கதவுல மாட்டிக்கிச்சு" — சொன்னது அவள் இல்லை, கூட வந்த புருஷன். அவள் நல்ல கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவளைத் தனியாக வைத்துக் கேட்கும்படி டாக்டரிடம் சொன்னேன். கேட்டாரா, தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
இன்று கைகள். அடியில் சிவப்பு, மேலே சாம்பல் பச்சை, கணுவில் மட்டும் வண்ணக் கத்தியால் அப்பிய வெள்ளை. மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சரியாக வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு
வகுப்புக்குப் போனால், படத்தில் அவள் கைகள் இல்லை. வேறு யார் கைகளோ. வழவழவென்று, ரோஜா நிறத்தில், சோப்பு விளம்பரத்துக் கைகள்!

"நான்தாம்மா கொஞ்சம் சரி பண்ணேன்" என்றார் மாஸ்டர். "பொம்பளை கைன்னா ஒரு நளினம் வேண்டாமா? கண்காட்சிக்கு வைக்கற படம்."

நளினமாம்! இருபத்திரண்டு வருஷமா கை எலும்பு பாக்கறவ நான். எனக்குத் தெரியாதா, வலிய மறைக்கற கை எப்படி இருக்கும்னு? உணர்ச்சி கோணாதுன்னு சொன்ன வாய்தானே அது?

இதெல்லாம் மனசுக்குள். வண்ணக் கத்தியை எடுத்தேன். அவர் பூசியது இன்னும் காயவில்லை, வழித்துக்கொண்டு வந்தது.

"என் கை பட்ட இடத்தையா சுரண்டறீங்க?"

"என் படத்துல உங்க கை எதுக்கு சார்?"

கண்காட்சியில் என் படம் கிடையாது என்றார். சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஈர வண்ணத்துக்குப் பயந்து பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? போனாப் போகுதுன்னு விடுவியா..."

விட மாட்டேன்.

மார்ச் 24, திங்கள்
வீட்டுக்காரரோடு பேசவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
சமையலறை ஜன்னலோரம் கைகளை மறுபடி போட்டேன். முன்னைவிட முரட்டுத்தனமாக வந்திருக்கின்றன. இருக்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு
படத்தைக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது.

சாப்பிட்டதும் வீட்டுக்காரர் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னை ஒண்ணு போடேன்."

பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து முகத்தில் பழி வாங்கிவிடலாம் என்றுதான் தூரிகையை எடுத்தேன். கால் மணி நேரம் விறைப்பாக இருந்தார். பிறகு தோள் இறங்கியது, வாயோரம் தொய்ந்தது. எப்போது இவ்வளவு களைத்துப்போனார் மனுஷன்? ஒரே வீட்டில்தானே இருக்கிறேன்?

"முடிஞ்சுதா?"

"இல்ல. அடுத்த ஞாயிறும் உக்காரணும்."

"சரி." கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அந்த மாஸ்டர் பண்ணது தப்புதான்" என்றார்.

நான் அவர் காதை வரைந்துகொண்டிருந்தேன்.