கேட்க மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

மழை இல்லை. ரொட்டிக்கஞ்சியில் பூண்டு தூக்கல். "பூண்டு நல்லதுப்பா" என்றாள் மகள் ஒத்தீலியா. நல்லதெல்லாம் நாறத்தான் செய்யும் போல. எழுத்தே தெரியாத எனக்கு இந்தப் போன் வாய்த்ததே பெரிது. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறது, கேட்டால் படித்தும் காட்டுகிறது.

மார்ச் 5

பாட்டெல்லாம் போச்சு. முப்பத்தேழும்.

மார்ச் 6

இன்றுதான் சொல்ல வாய் வருகிறது. மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று உண்டு, நீல விளக்கு இரண்டு மினுக்கும். வீட்டுப் படங்கள், மருமகன் எர்மீனியுவின் அலுவலகக் காகிதங்கள், என் குரலில் நான் கட்டிய பத்தடிப் பாட்டுகள், எல்லாம் அதற்குள்ளேதான். வீட்டுக்கு ஒரே கடவுச்சொல். எங்கள் தெருவில் வாசல் சாவியை வெளிப்பக்கம் பூட்டிலேயே விட்டுவைப்போம், வேண்டியவர்கள் திறந்து வரலாம். ஒத்தீலியா பெட்டிக்கும் அதே வழக்கத்தைப் பிடித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கடவுச்சொல்லைச் சொல்லி, பதினொரு வீட்டுச் சாமான் அதில் கிடந்தது!

பக்கத்து வீட்டு குஸ்தோதியா, தங்கை மகள் கல்யாண வீடியோவை ஏற்றப் போயிருக்கிறாள். இடமில்லை என்றதாம் பெட்டி. இவள் என் பாட்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டாள்.

"நம்பர் நம்பரா கெடந்துச்சு பெல்மீரு அண்ணே. குப்பைன்னு நெனச்சிட்டேன்."

"நேர்ல கேட்டவங்களே சில பேர் அப்படித்தான் சொன்னாங்க. விடு."

அழுதுகொண்டே சிரித்தாள். ஆட்டுப்பால் சீஸ் ஒரு வட்டு கொடுத்துவிட்டுப் போனாள். பாட்டு என் தலையில் இருக்கிறது, ஒரு அடி நழுவாமல். மறுபடி சொல்லிவிடலாம். ஆனால் எண்பத்து மூன்று வயதில் தலையை நம்பி எத்தனை நாள்?

மார்ச் 8, ஞாயிறு

ஒத்தீலியா காலையிலிருந்து பெட்டியோடு மல்லுக்கட்டு. பழைய கடவுச்சொல்லைத் தூக்கி எறிந்தாள். பெட்டி வாங்கும்போதே அதோடு வந்த 'அட்மின்' கணக்கை மூடினாள். தெருவார் சாமானை அவரவரிடம் ஒப்படைத்தாயிற்று. இனி வீட்டில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு அறை. ஐந்து முறை தப்பாக அடித்தால் ஒரு நாள் கதவடைப்பு.

எனக்கு? கேட்க மட்டும். வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

"என் பாட்டுக்கு நானே விருந்தாளியா?"

எர்மீனியு சொன்னார்: "படிக்கத் தெரியாம எதையாவது அமுக்கிட்டீங்கன்னா, மாமா?"

"படிச்சவதானே அழிச்சா, மாப்ளே."

ஒத்தீலியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கடவுச்சொல்லு பன்னெண்டு எழுத்துக்குக் குறையக் கூடாதுப்பா. எங்கயும் எழுதி வைக்கவும் கூடாது."

"இந்த வீட்டுல எதையும் எழுதி வைக்காத ஒரே ஆளு நான்தாம்மா."

ஒரு வாரம் தப்பில்லாமல் அடித்துக் காட்டினால் முழுக் கணக்கு தருவதாகப் பேச்சு.

மார்ச் 9

எழுத்துக்குப் பெயர் தெரியாது, உருவம் தெரியுமே. ஒன்று ஏணி, ஒன்று பாம்பு, ஒன்று முட்டை, ஒன்று கவட்டை. எண்கள் சின்ன வயதிலிருந்தே தெரியும். பதினாறு உருவங்களை வரிசையாகக் கோர்த்து ஒரு கதை கட்டினேன். பாம்பு ஏணியில் ஏறி... போதும். போனிடம்கூடச் சொல்லக் கூடாது.

மார்ச் 11

மூன்றாம் நாளும் சரி. எர்மீனியு இன்று ஐந்து தடவை தப்பாக அடித்து வெளியே நிற்கிறார். முப்பது வருடம் கணக்கெழுதியவர்! "யாரும் பேசாதீங்க" என்று பேசாத எங்களைப் பார்த்துக் கத்தினார்.

மார்ச் 12

எர்மீனியு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறார். ஒத்தீலியா கிழித்தாள். சண்டை. நான் ஆலிவ் தின்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது. வைக்கலாம், எடுக்கலாம், அழிக்கலாம். என் அறைக்குள் மற்றவர்களுக்குக் கேட்க மட்டும். மகளுக்கும்தான். இந்த முறை பிரதி ஒன்று இன்னொரு டிஸ்க்கிலும் ஏறுமாம், நான் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியுமாம். "இப்ப திருப்தியா?" என்றாள். மாட்டுச் சந்தையில் முதல் பரிசு வாங்கிய அன்றுகூட இப்படி நெஞ்சு நிமிரவில்லை.

மார்ச் 27

தினம் மூன்று பாட்டு. சில நாள் தொண்டை இரண்டோடு நின்றுவிடும். முப்பத்தேழும் உள்ளே போய்விட்டன.

மார்ச் 28

எர்மீனியு தோட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். எலுமிச்சையைப் பற்றிப் பேசினார். பிறகு மெல்ல: "மாமா, அந்தக் கல்யாணப் பாட்டையும் பதிஞ்சிட்டீங்களா?"

அவர் கல்யாண விருந்தில் நான் அவிழ்த்துவிட்டது. அவருடைய நடை, காது, வாங்கி வந்த சம்பளம், எல்லாவற்றுக்கும் ஓர் அடி. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"பதிஞ்சிட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அது நல்ல பாட்டு. என் பாட்டுகளிலேயே நல்ல பாட்டு.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பெட்டியில் என் அறைக்குள் போனேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் படித்துக் காட்டியது. ஆமாம் என்றேன்.

மதியச் சாப்பாட்டில் ஒத்தீலியா, "என்னப்பா, முப்பத்தாறுதான் இருக்கு?" என்றாள்.

"ஒண்ணு மறந்துபோச்சும்மா. வயசாகுதுல்ல."

எர்மீனியு என் கோப்பையில் விளிம்பு வரை ஒயின் ஊற்றினார். மேசைத்துணியில் சிந்தியதைத் துடைக்கக்கூட இல்லை.