கல்யாணப் பட்டு எந்தக் கடையில்?

18.11.96, திங்கள்
விடாத மழை. பள்ளிக்கு லீவு. தைத்த ரவிக்கைகளை வாங்க மந்தைவெளி. தையல்காரி பொன்னி முகம் சரியில்லை. அவள் தங்கை கலாவுக்கு தி.நகர் பட்டுக் கடையில் வேலை. "சேலைய மேல போட்டுக் காட்டுற வேல டீச்சர். கறுப்பா கீறான்னு கீழ குடோனுக்கு அனுப்சிட்டானுங்க. வேலைய வுட்டுடறேன்னு அழுதுகினு கீறா."
நாங்கள் வருஷக்கணக்காகப் போகிற கடை! கொதித்துப் போனேன்.

19, செவ்வாய்
எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கல்யாணப் பட்டை ஒரே கடையில், ஒரே நாளில்தான் எடுப்போம். தையில் என் பெண் வித்யாவுக்குக் கல்யாணம். மூன்று வீட்டுக்கும் போன்: அந்தக் கடை வேண்டாம். தம்பி உடனே சரி. சித்தி: "நெஜமான்னு விசாரிச்சியோ?" மன்னி: "அவன்கிட்டதான்டி சரிகை நன்னாருக்கு." சரிகையாவது மண்ணாவது. மன்னியையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன்.
கேஸ் சிலிண்டர் புக் செய்ய. 8-பி விடைத்தாள் திருத்த.

22, வெள்ளி
கடைக்கே போய்விட்டேன். சொல்லாமல் விலகுவது என் வழக்கமில்லை. மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். "கறுப்பா இருந்தா குடோனா? இனிமே எங்காத்துலேர்ந்து ஒருத்தரும் படியேற மாட்டோம்."
திருநெல்வேலிக்காரர். கோபப்படவில்லை. "நாங்களா மாத்துனோம் டீச்சர்? வர்றவங்க கேக்காங்க. போன தடவ நீங்களும்தான சொன்னீங்க, 'எம் பொண்ணு நல்ல செவப்பு, இவ மேல கலர் தெரியல, வேற பொண்ணு காட்டட்டும்'னு. அந்தப் பொண்ணுதான் கலா."
சொன்னேன்தான். புடவை நினைவிருக்கிறது, மாம்பழக் கலர். பெண்ணின் முகம் நினைவில்லை. வெட்கமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.
பிறகு எழுந்து, கலாவை மேலே கூப்பிடச் சொன்னேன். முகூர்த்தப் புடவையை அவள் காட்டினால்தான் எடுப்போம். வந்தாள். என்னைத் தெரிந்திருக்கிறது. "காட்றேன் மேடம். நாளைக்கு வேற யாரனா வேணாம்னா திருப்பியும் கீழதான?"
மேனேஜரைப் பார்த்தேன். "முடியாதுன்னு நீங்கதான் சொல்லணும். அன்னிக்கு என்கிட்டயே சொல்லியிருக்கணும்." தலையைச் சொறிந்தார். இனி மேல்தளம்தான் என்று அவள் எதிரிலேயே சொல்லவைத்தேன்.

23, சனி
வெயில். மறுபடி மூன்று போன். அதே கடைதான், வியாழன் காலை. நான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். தம்பி சிரித்தான். சித்தி, "போனாப் போறது." மன்னி மட்டும் விடவில்லை: "அப்போ யாரைடி விலக்கி வெச்சிருக்கணும், கடையையா, உன்னையா?"