ஆடிக்கும் சபருக்கும் இடையே ஒரு பெரிய படகு

1928 ஜூலை 15, ஞாயிறு

காலையில் மழை. ஒன்பது மணிக்கு வெறித்தது. எங்கள் சின்னப் படகு, கோலேக், அதன் பாயில் இரண்டு இடத்தில் தையல் போட்டேன். இடது கட்டைவிரலில் ஊசி ஏறி ரத்தம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வலது கை போதும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மலாக்கா செர்காம் கரையில் புதுச் செய்தி. மலாய்க் கிழவர் பாக் அவாங் தன் பெரிய படகை விற்கப் போகிறாராம். வயதாகிவிட்டது, மகன் சிங்கப்பூரில், கூட வர ஆளில்லை. மளிகைக் கடை மீராசா நானாவும் நானும் படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். முப்பது அடி. நடுவில் ஓலைக் கூரை. பாய்மரத்தின் நுனியைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது. பக்கத்தில் எங்கள் கோலேக் கிடந்தது. பார்க்கவே வெட்கம். ஆறு வருடமாக நானும் நானாவும் கூட்டாக வைத்திருப்பது. ஞாயிறு தவறாமல் அவர் கடையை மச்சான்மாரிடம் விட்டுவிட்டு வருவார், நான் வீட்டை விட்டுவிட்டுப் போவேன். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் கடலும் ஏறிவிடும்.

நானா: "என்னா கிராணி, வாங்கிருவமா?"

"யோசிப்போம் நானா."

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள படகு மக்கிப் போயிரும்லா."

பெரிய படகு ஏன் வேண்டும்:
1. காற்றடித்தால் பயமில்லை.
2. மழைக்குக் கூரை.
3. மீன் நிறையப் பிடிக்கலாம். (ஆறு வருடத்தில் பிடித்ததை நினைத்தால் இதை அடித்துவிடுவது நல்லது.)
4. சிவகாமி வருவாள்.

முதல் மூன்றும் நானாவிடம் சொல்வதற்கு. நாலாவதுதான் காரணம். பிள்ளைகள் இரண்டும் பாச்சாங்கில் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் என் மனைவி தனி. இன்று கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "வாரத்துல ஆறு நாளு ஆபீசு. ஏழாவது நாளு நானாகூடக் கடலு. நா எந்தக் கணக்குல வரேன்?" சொன்னது நியாயம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவள், பினாங்கு வரும்வரை தலை தூக்கவில்லை. கோலேக்கைப் பார்த்தாலே மயக்கம் வரும், அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆகவே, "கூரை வச்ச பெரிய படகுன்னா வருவியா?" என்று கேட்டேன்.

"பாப்போம்."

பதினாலு வருடமாக இந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிபடவில்லை. தையல் மிஷினுக்குச் சொன்னாள், அது ஆமாம். என் பெரியப்பா மகன் வந்து தங்குவதற்கும் சொன்னாள், அது இல்லை.

ஜூலை 16, திங்கள்

நல்ல வெயில். இன்று ஆடி முதல் தேதி!! பஞ்சாங்கத்தைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நேற்றே முன்பணம் கொடுத்திருந்தால் ஆனியோடு போயிருக்கும். நேற்று ஐந்து மணி, ராகு காலம் என்று நானேதான் வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆறு மணிவரை நின்றிருக்கலாம். கொசு கடித்தது.

சி.யிடம் சொன்னேன். "ஆடி மாசம் ஒரு வெளக்குமாறு வாங்க மாட்டோம். இவரு படகு வாங்கப் போறாராம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 18, புதன்

ஆபீசு முடிந்து நேராக நானா கடை. தலையில் தொப்பியும் மடியில் தராசுமாக உட்கார்ந்திருந்தார். ஆடி விஷயம் சொன்னதும் சிரித்தார்.

"ஆடி ஒங்களுக்குத்தானே? நாளைக்கி நா வாங்கிப் போடுறேன். ஆவணியில வந்து நீங்க சேந்துக்குங்க."

எவ்வளவு எளிது! கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் வீட்டம்மா குரல். "வெள்ளிக்கெழம சபர் மாசம் பொறக்குது, ஆகாத மாசம். நாளைக்கி வாங்கி சபர்லயா கடல்ல எறக்கப் போறீங்க? புள்ளக்குட்டிக்காரரு பேசுற பேச்சா இது?"

நானா தராசைக் கீழே வைத்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இருவரும் உட்கார்ந்து சர்க்கரை மடிக்கும் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். என் ஆடியும் அவர் சபரும் ஒரே நாளில் முடிகின்றன. அடுத்த நாள் ஆகஸ்ட் 17, வெள்ளி. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம், நான் ஆகாது. அப்புறம் ஜும்ஆ தொழுகை, அவர் ஆகாது. மூன்று முதல் நாலரை எமகண்டம், மறுபடி நான். நாலரைக்கு மேல் இரண்டு பேரும் ஆகும். ஒரு மாதத்தில் ஒரே ஒரு நல்ல வேளை, அதையும் கண்டுபிடித்துவிட்டோம். பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான், அதற்குள் வேறு எவனாவது வாங்கிவிட்டால் என்ற நினைப்பு வந்தது.

ஜூலை 21, சனி

பயந்தபடியே. கருவாட்டுக் கடைச் சீன முதலாளி, தவுக்கே, நேற்றுப் பணத்தோடு போனாராம். ஆனால் பாக் அவாங்கும் சபரில் விற்கமாட்டார். "ஒரு மாசம் பொறு தவுக்கே" என்றிருக்கிறார். தவுக்கே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனாராம். சபர் முடிகிற சமயம் சீனர்களுக்குப் பேய் மாதம் பிறக்கிறது. அந்த மாதத்தில் தண்ணீர் பக்கம் போனால் பேய் காலைப் பிடித்து இழுக்கும்.

ஆக, யாராலும் வாங்க முடியாது, விற்கவும் முடியாது. மலாக்காவிலேயே இவ்வளவு பத்திரமான படகு வேறு கிடையாது. நன்றாகத் தூங்குவேன்.

ஜூலை 29, ஞாயிறு

விடியற்காலை சுமத்ரா காற்று. வாழை இரண்டு சாய்ந்தது. பத்து மணிக்கு மேல் அமைதி. பார்ப்பது வாங்குவது ஆகாது என்று நானா ஒரு விளக்கம் கொடுத்ததால் படகைச் சோதிக்கப் போனோம்.

பேனாக்கத்தியால் அடிப்பலகையைக் குத்திப் பார்த்தேன். மூன்று இடத்தில் கத்தி உள்ளே போனது. ஒரு இடத்தில் வெளியே வர மறுத்தது.

நானா: "கடல் புழு தின்னிருக்கு."

பாக் அவாங் மலாயில்: "என்னையுந்தான் தின்னுருச்சு. நான் மெதக்கலையா?"

வரும் ஞாயிறு ஒரு வெள்ளோட்டம் போகச் சம்மதித்தார். சி.யையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன், பெண் பார்க்கப் போன அன்றைப்போல.

வீட்டில் சொன்னேன். 'பாப்போம்' இல்லை! "புளிச்சோறு கட்டவா?" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே போய் இல்லாத ஒரு கோழியைத் தேடிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

எழுத உட்காரவே உடம்பில் தெம்பில்லை. எழுதியே ஆக வேண்டும்.

நாங்கள் இருவர், நானா, பாக் அவாங். நாலு பேர் என்று பேச்சு. கரைக்குப் போனால் நானாவின் மச்சான்மார் மூன்று பேர், கடைக்குப் பூட்டு. தோட்டத்துப் பெரிய கங்காணி, அவர் தம்பி. "பெரிய படகாமே, எடமிருக்கும்லா" என்று வழியில் ஒட்டிக்கொண்ட தபால்காரர். பாக் அவாங்கின் பேரன்மார் இரண்டு பேர். மொத்தம் பன்னிரண்டு. சி. நீலப் புடவை கட்டியிருந்தாள். தீபாவளிக்குக்கூட எடுக்காதது. கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூரைக்குள் போய் உட்கார்ந்தாள்.

படகு ஓடியது என்னவோ அழகுதான். சுக்கான் என் கையில். மேலே அவ்வளவு பெரிய பாய் புடைத்து நிற்கிறது. துரைகூட இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடுவில் சி. தலையை வெளியே நீட்டி, "அங்க பக்கத்துல வரவா?" என்றாள். "வா வா" என்றேன். எழுந்திருப்பதற்குள் கங்காணி அந்த இடத்தில் உட்கார்ந்து வெற்றிலையைத் திறந்துவிட்டார். சி. திரும்ப உள்ளே போனாள். பாயைத் திருப்புகிற அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

நாலு பேர் புளிச்சோறு பதினோரு பேர் வயிற்றில். சி.க்கு மிஞ்சியது பொட்டலம் கட்டின இலை.

திரும்பும்போது கடல் வற்ற ஆரம்பித்துவிட்டது. கோலேக் என்றால் முழங்கால் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இது கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. மணி இரண்டு. தண்ணீர் ஏறும்வரை அசையாது. எல்லாரும் உத்தரவு போட்டார்கள், யாரும் இறங்கவில்லை. கங்காணி கடைசியில் என்னைப் பார்த்து, "பேர் எழுதுங்க கிராணி, முறைபோட்டுத் தள்ளுவோம்" என்றார். நானும் பென்சிலை எடுத்து, தோட்டத்தில் காலை ஆள் கணக்கு எடுப்பதுபோலப் பெரட்டுப் போட்டேன்! கடல் நடுவில், சேற்றில், ஆள் ஆளாகப் பேர் கூப்பிட்டு! சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்ப் பெண்கள் எங்களைச் சுற்றி நடந்து போனார்கள். ஒருத்தி பாயின் நிழலில் நின்று முகம் துடைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கரை.

ஆகஸ்ட் 6, திங்கள்

மேகமூட்டம். சி. பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. கேட்கத் தைரியமில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

பேசுகிறாள். "தண்ணி காஞ்சிருச்சு", "சீனி தீந்துருச்சு", இந்த மாதிரி.

எனக்குத் தெரிந்துவிட்டது. கடல் அவளுக்கு ஆகாது. பெரிய படகும் ஆகாது. நான் ஒரு மடையன். இனி கடலே வேண்டாம் என்று முடிவு. நாற்பத்தொரு வயது ஆள் படகுக்காக அழுதான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

அருமையான காற்று. போகவில்லை. வீட்டில் இருந்தேன்.

எட்டு மணி: சி., "ஒடம்பு சரியில்லையா?"
ஒன்பது மணி: சோற்று அலமாரியின் ஆடுகிற காலைச் சரிசெய்தேன்.
ஒன்பதரை: கால் கையோடு வந்துவிட்டது.
பத்து மணி: அடுக்களையில் நின்று எப்படி வெங்காயம் நறுக்குவது என்று சொன்னேன்.
பத்தேகால்: "ஐயா சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், எங்கயாச்சும் போயிட்டு வாங்க" என்று கும்பிட்டாள்.

ரோட்டுவரை நடந்து, ரெம்பியா பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவளுக்கு நான் வீட்டிலும் ஆகவில்லை, கடலிலும் ஆகவில்லை. பின்னே என்னதான் வேண்டும்? கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம்.

ஆகஸ்ட் 15, புதன்

கேட்கவில்லை.

சபர் மாதத்துக் கடைசிப் புதன். பீடை கழிக்கும் சபர் குளியலுக்கு மாட்டு வண்டி வண்டியாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். நானாவின் குடும்பமும் போய்க் குளித்துவிட்டு வந்தது. சாயங்காலம் கடையில் நானா ஒரே உற்சாகம். படகு வந்ததும் முதல் ஞாயிறு மச்சான்மார், இரண்டாவது ஞாயிறு மாமனார் வீடு, மூன்றாவது கங்காணி கேட்டிருக்கிறார் என்று திட்டம் சொன்னார்.

"நாம ரெண்டு பேரும் எப்ப நானா?"

நானா மேலே பார்த்து யோசித்தார். "நாலாவது ஞாயிறு பாப்போமே."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆறு வருடப் பழக்கம். ஒரு மாதத்துக்கு முன் இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்து அந்த நாலரை மணியைக் கண்டுபிடித்தவனும் நானே.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது, சபர் போய்விட்டது. துரையிடம் அரை மணி நேரம் அனுமதி. காரணம் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

புறப்படும்போது சி. பின்னாலேயே வந்தாள். "நானும் வரேன்." அதே நீலப் புடவை. அவள் எதிரில் முன்பணம் கொடுக்க வேண்டுமே என்று மெதுவாகவே நடந்தேன்.

கரையில் பாக் அவாங், நானா, மச்சான்மார், மாலையோடு கங்காணி. பெரிய படகு இன்னும் சேற்றில்தான், தண்ணீர் இப்போதுதான் ஏறுகிறது. கோலேக் மட்டும் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மணி நாலு முப்பத்திரண்டு. நானா பணப் பொட்டலத்தை எடுத்து, "பிஸ்மில்லா, வாங்க கிராணி" என்றார்.

சி. நிற்கவில்லை. பெரிய படகைத் தாண்டிப் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கோலேக்கில் ஏறி, நானா உட்காருகிற பலகையில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடினேன். "சிவகாமி, இது சின்னது. ஒனக்கு ஆகாது."

"யாரு சொன்னா?"

"கப்பல்ல நீ..."

"அது பதினாலு வருசத்துக்கு முன்னாடி. வயித்துல புள்ள இருந்துச்சு. இதுல வரியான்னு ஒரு நாளு கேட்டீங்களா? பதினோரு பேர ஏத்திக்கிட்டு, ஒங்க முதுகப் பாத்துக்கிட்டு நா மூலையில கெடக்கவா பெரிய படகு? ரெண்டு பேரு போறதுக்கு இது பத்தாதா?"

ஆறு வருடம். ஒரு தடவை கேட்கவில்லைதான்.

கரையிலிருந்து நானா கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, "கிராணி! நேரம் போவுது! வாங்கவா வேணாமா?" என்று கத்தினார்.

"நீங்க வாங்குங்க நானா! ஒங்க மச்சான்மாரோட வாங்குங்க! நான் வரலை!"

நானா கோலேக்கைப் பார்த்தார், தன் பலகையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாத்துப் போங்க தங்கச்சி, அந்தப் பக்கம் பலகை கொஞ்சம் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பாக் அவாங் கையில் வைத்தார். நல்ல மனுஷன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாயை இழுத்துக் கட்டினேன். சி. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் அலையில் கண்ணை மூடினாள். இரண்டாவதில் வாந்தி. "திரும்பிரலாமா?" என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டாள். பின்னால் மாலை போட்டுச் சங்கு ஊதுகிறார்கள், கங்காணி ஏதோ உத்தரவு போடுகிறார், மச்சான்மார் ஐலசா சொல்லித் தள்ளுகிறார்கள். படகு அசைந்ததாகத் தெரியவில்லை.

கரை சின்னதாகிவிட்டது. பயப்படுவாளோ என்று பாயைத் தளர்த்தினேன்.

"ஏன் நிறுத்துறீங்க?" என்றாள். "அந்தாளுங்க சத்தம் இன்னும் கேக்குது. இன்னும் கொஞ்சம் போங்க."